இடம் மாறிய பாத்திரங்கள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம் முன்னோர் வாக்கு. இரண்டையும் செய்து களைத்தவர்கள் சொன்ன சொல் அது. அவர்கள் இன்று இருந்திருப்பின் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பர்: கணினியின் இயங்குதளத்தை மாற்றிப் பார். முதல் இரண்டிற்கும் துணையாக உற்றார் உறவினர் வருவர். மூன்றாவதிலோ மனிதன் திரைமுன் தனியே அமர்ந்திருக்க வேண்டியதுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றிற்கு இல்லை. பள்ளி அலுவலகங்களிலும் பங்கு அலுவலகங்களிலும் சிறு கடைகளிலும் குறையின்றி ஓடிக்கொண்டிருக்கும் அத்தகைய கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழும்போது, "லினக்ஸ் போட்டுப் பாருங்களேன்" என்று யாரேனும் ஒருவர் சொல்கிறார். உடனே அடுத்த கேள்வி பிறக்கிறது: எந்த லினக்ஸ்? அதற்கும் ஒருவாறு விடை கண்டு, நிறுவி, பழகி முடித்த சில ஆண்டுகளில் மூன்றாம் கேள்வி வந்து நிற்கிறது: எல்லாம் நன்றாகத்தானே இருந்தது, ஏன் மாற்றினார்கள்?

எங்கள் அலுவலகத்தில் சில ஆண்டுகளாக லினக்ஸ்தான் பயன்பாட்டில் உள்ளது. அதைப் புகழ்ந்து பாடுவதோ, அதை நிறுவும் முறையைக் கற்பிப்பதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த மூன்றாம் கேள்வியில் உள்ள கோபத்தையும், அக்கோபத்திற்கு அடியில் இருக்கும் பற்றையும் சற்றே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். பழகியதை விட்டுப் புதியதற்கு மாறும்படி பிறரைக் கேட்கும்போது நாம் அவர்களுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பது கணினிக்கு வெளியேயும் நம்மைத் தொடரும் கேள்வியன்றோ?

அரிசி ஒன்று, அடுக்களை பல

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் ஓர் இயங்குதளத்தின் கருப்பகுதி மட்டுமே. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பே, 1983இல், அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்து, இயங்குதளத்திற்கு வேண்டிய கருவிகளை ஒவ்வொன்றாக உருவாக்கச் செய்திருந்தார். இவ்விரண்டும் இணைந்தன. யாரும் பயன்படுத்தலாம், மூல நிரலைத் திறந்து பார்க்கலாம், தமக்கேற்ப மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்ற உரிமத்தோடு உலகிற்குக் கிடைத்தன.

எனினும் அரிசி மூட்டை ஒன்று வாசலில் இறங்கியதும் பந்தி ஆயத்தமாகிவிடுவதில்லை. யாரேனும் உலை வைக்க வேண்டும், குழம்பும் கூட்டும் ஆக்க வேண்டும், இலை போட வேண்டும். கருவோடு கருவிகளையும் திரைத் தோற்றத்தையும் எழுத்துருக்களையும் அலுவலக மென்பொருள்களையும் சேர்த்து, நிறுவத் தகுந்த ஒரே தொகுப்பாக ஆக்கித் தருபவர்களின் படைப்பே 'வழங்கல்' எனப்படுகிறது. பாட்ரிக் வோல்கெர்டிங் 1993 ஜூலையில் வெளியிட்ட ஸ்லாக்வேர், இன்றும் உயிரோடிருக்கும் வழங்கல்களுள் மூத்தது. அடுத்த மாதமே இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் இட்ட பெயர் அது. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் தொடங்கிய உபுண்டு டெபியனின் மேல் எழுந்தது. 2006இல் தோன்றிய லினக்ஸ் மின்ட் உபுண்டுவின் மேல் எழுந்தது. நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்சும் டெபியன் வழிவந்ததே. தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோசின் பக்கத்திலேயே இந்தப் பாஸ் லினக்சும் அவற்றில் இடம்பெற்றிருந்தது. தாம் அறியாமலே லினக்சைக் கையில் வைத்திருந்த பிள்ளைகள் நம் ஊர்களில் பலர் உண்டு.

ஆக, அரிசி ஒன்று, அடுக்களைகளோ பல. எந்த வீட்டுக் குழம்பு சுவையானது என்ற பேச்சு எழுந்தால் எவரும் தம் வீட்டை விட்டுக்கொடுப்பதில்லை. இங்கும் அப்படித்தான். உபுண்டு தன் குறுந்தகடுகளை 2011 வரை கேட்டவர்க்கெல்லாம் உலகெங்கும் இலவசமாகவே அஞ்சலில் அனுப்பியது. அப்படி வந்த உறையைப் பிரித்து முதன்முதலாக லினக்சைக் கண்டவர்கள், இன்று வேறு வழங்கலுக்கு மாறிவிட்டபோதும், அந்த நாளைச் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு கனிவு வந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. எங்கள் பகுதியில் பொறியியல் படிக்கும் இளைஞர் ஒருவர் மாதம் ஒரு வழங்கலை நிறுவிப் பார்ப்பார். "போன வாரம் பார்த்தது என்ன ஆயிற்று?" என்று கேட்டால், "அது போரடிச்சிருச்சு ஃபாதர், இப்ப இதுதான்" என்பார். அவருக்கு அது விளையாட்டு. அதனூடே கல்வியும் கூட. எந்த வழங்கலிலும் சிக்கல் எழுந்தால் கை வைத்துச் சீர் செய்யும் திறன் அவருக்கு வாய்த்தது இந்த அலைச்சலால்தான். ஆயினும் தொழிலைக் கணினியிலேயே செய்தாக வேண்டியவர்களால் அவரைப் போல வாழ இயலாது. அவர்களுக்குக் கணினி என்பது தினமும் சமைத்தாக வேண்டிய அடுக்களை.

கை அறிந்த பாதை

எங்கள் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் அம்மையார் ஐம்பது வயதைக் கடந்தபின் கணினியைக் கற்றவர். திருமுழுக்குச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கல்லறைத் தோட்டக் கணக்கு, மாதாந்தர வரவு செலவு ஆகிய அனைத்தும் அவர் கைவழியே செல்பவை. ஓராண்டு நாங்கள் பயன்படுத்திய வழங்கல் தன் அடுத்த பதிப்பிற்கு மாறியது. கோப்புகள் யாவும் பத்திரமாகவே இருந்தன. ஆனால் இடப்பக்க மூலையில் இருந்த பட்டியைக் காணவில்லை. சாளரங்களைச் சுருக்கி வைக்கும் இடம் மாறியிருந்தது. தமிழ்99 விசைப்பலகை தேர்வுப் பட்டியலிலிருந்தே மறைந்துபோயிருந்தது. சான்றிதழ் கேட்டு இருவர் வெளியே காத்திருந்தனர். அம்மையார் என்னிடம் வந்து சொன்னார்:

"சாமி, வீடு நம்ம வீடுதான். ஆனா பாத்திரத்த எல்லாம் யாரோ இடம் மாத்தி வச்சிட்டாங்க."

மேற்சொன்ன இளைஞர் இரண்டு நாள்களில் விசைப்பலகையை மீட்டுத் தந்தார். மற்றவற்றிற்குப் பழகிக்கொள்ள அம்மையார்க்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதமும் அவர் தம்மை ஒன்றும் தெரியாதவராக எண்ணிக் குறுகியதுதான் என்னை வருத்தியது. ஐந்து ஆண்டுகள் முயன்று பெற்ற தேர்ச்சியை எவரோ ஓர் இரவில் எடுத்துச் சென்றுவிட்டனர். அவருக்கு அது தம் குறையாகவே தோன்றியது.

மின்சாரம் நின்ற இரவில் இருட்டிலேயே உப்பு ஜாடியை எடுக்கும் இல்லத்தரசியை நினைத்துப் பாருங்கள். ஜாடி எங்குள்ளது என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை, கை தானாகச் செல்கிறது. கணினியில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவரின் தேர்ச்சியும் பெரும்பாலும் இவ்வாறு கையில் தங்கிய அறிவுதான். புதிய பதிப்பை உருவாக்குபவர், "இது முன்னதைவிட எளிது, அழகு, வேகம்" என்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அவர் கணக்கில் ஒன்று விடுபட்டுப் போகிறது: பழையதைக் கற்பதற்குப் பயனர் ஏற்கெனவே செலுத்திய விலை. அதை ஈடு செய்பவர் யார்?

எனவே புதிய பதிப்பின் மீது எழும் முணுமுணுப்பைச் சோம்பல் என்றோ, பழைமைப் பிடிவாதம் என்றோ ஒதுக்கிவிடுவது நீதியாகாது.

ஒரு பொத்தானின் கதை

இந்த முணுமுணுப்பு உலக அளவில் வெடித்த நிகழ்வு ஒன்று உண்டு. 2010 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 10.04 பதிப்பில், சாளரத்தை மூடுவதற்கும் சுருக்குவதற்குமான பொத்தான்கள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்திற்கு மாற்றப்பட்டன. மூன்று சிறு பொத்தான்கள்தாம். ஆனால் எதிர்ப்பு பெருவெள்ளமாய் எழுந்தது. கருத்துகளை வரவேற்பதாகவும், ஆனால் வடிவமைப்பு முடிவுகள் வாக்கெடுப்பால் எடுக்கப்படுவதில்லை என்றும் ஷட்டில்வொர்த் விடையளித்தார். பொத்தான் இடப்பக்கத்திலேயே நின்றது. அடுத்த ஆண்டு, 11.04 பதிப்பில், பழைய திரைத் தோற்றத்திற்குப் பதிலாக 'யூனிட்டி' என்னும் புதிய தோற்றம் இயல்பாக்கப்பட்டது. 'ஒற்றுமை' எனப் பொருள்படும் அப்பெயரைக் கொண்ட தோற்றம் பயனர்களைப் பல திசைகளில் பிரித்தது. காலமும் தன் பங்கிற்கு ஒன்று செய்தது. 2017 ஏப்ரலில் யூனிட்டியைக் கைவிடுவதாக அதே ஷட்டில்வொர்த் அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் வந்த 17.10 பதிப்பில் பொத்தான்கள் மீண்டும் வலப்பக்கம் வந்து சேர்ந்தன. இதற்குள் இடப்பக்கத்திற்குப் பழகிவிட்டவர்கள் வருந்தினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்!

இதே காலத்தில், 2011 ஏப்ரலில், பல வழங்கல்களுக்குத் திரைத் தோற்றமாய் விளங்கிய க்னோம், தன் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. பழக்கமான பட்டிகளும், திரைமேல் கோப்புகளைப் பரப்பி வைக்கும் வழக்கமும், சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் அதன் இயல்பான அமைப்பில் இல்லை. லினக்சைப் படைத்த டோர்வால்ட்சே அதைக் கடுஞ்சொற்களால் கண்டித்து, எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய தோற்றத்திற்கு மாறினார். 2008 ஜனவரியில் கேடிஇ என்னும் மற்றொரு தோற்றத்தின் நான்காம் பதிப்பு முதிராத நிலையில் வெளிவந்தபோதும் அவர் அதை விட்டு விலகியிருந்தார். கருவையே எழுதியவருக்கும் பாத்திரங்கள் இடம் மாறினால் எரிச்சல் வருகிறது என்றால், எங்கள் எழுத்தர் அம்மையாரை யார் குறை கூற முடியும்? டோர்வால்ட்ஸ் 2013இல் மீண்டும் க்னோமுக்கே திரும்பினார் என்பது இக்கதையின் பின்குறிப்பு. கோபத்தோடு விட்டதிலும் காலம் சென்றபின் நன்மை இருக்கக் காணலாம்.

பிரிந்து செல்லும் உரிமை

விண்டோசிலும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்ததுண்டு. அங்கும் மக்கள் கோபமுற்றதுண்டு. ஆனால் அங்கே கோபம் பெரும்பாலும் கோபமாகவே ஓய்ந்துவிடும். லினக்ஸ் உலகிலோ கோபத்திற்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. மூல நிரல் எல்லார்க்கும் பொதுவானது என்பதால், பழையது வேண்டுமென்போர் அதை எடுத்துத் தாமே தொடரலாம். இதைக் 'கிளை பிரித்தல்' என்கின்றனர்.

க்னோம் மூன்றாம் பதிப்பு வந்த அதே 2011இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த பயனர் ஒருவர், கைவிடப்பட்ட இரண்டாம் பதிப்பின் நிரலை எடுத்துப் பராமரிக்கத் தொடங்கினார். தென்னமெரிக்க மக்கள் விரும்பி அருந்தும் 'மாட்டே' என்னும் இலைச்சாற்றின் பெயரையே அதற்கு இட்டார். அது இன்றும் வளர்ந்து வருகிறது. லினக்ஸ் மின்ட் குழுவினர் வேறொரு வழியில், புதிய அடித்தளத்தின் மேல் பழைய பழக்கங்களைக் காத்து, 'சினமன்' என்னும் தோற்றத்தை உருவாக்கினர். கேடிஇயின் மூன்றாம் பதிப்பு 'டிரினிட்டி' என்ற பெயரில் தொடர்கிறது. பிரான்சில் 1998இல் தோன்றிய மாண்ட்ரேக், பின்னர் மாண்ட்ரிவா எனப் பெயர் பெற்று நிதி நெருக்கடியில் சிக்கியபோது, வேலையிழந்த பணியாளர் சிலரும் ஆர்வலர்களும் சேர்ந்து 2010 செப்டம்பரில் மஜேயாவை அறிவித்தனர்.

பிரிவிற்குக் கசப்பான பக்கமும் உண்டு. கணினி விழித்தெழும்போது பணிகளை ஒழுங்குபடுத்தித் தொடங்கி வைக்கும் அமைப்பாக 'சிஸ்டம்டி' என்பதை ஏற்பதா என்ற வழக்கில் டெபியனின் தொழில்நுட்பக் குழு 2014 பிப்ரவரியில் சரிபாதியாகப் பிளவுண்டு, தலைவரின் முடிவு வாக்கால் அதை ஏற்றது. ஓராண்டு முழுவதும் சொற்போர் நடந்தது. அதன் இறுதியில் பல்லாண்டு உழைத்த சிலர் தம் பொறுப்புகளைத் துறந்தனர். எதிர்த்தோரில் ஒரு சாரார் 2014 நவம்பரில் 'தெவுவான்' என்னும் கிளையை அறிவித்தனர்; அதன் முதல் நிலையான பதிப்பு வெளிவர 2017 மே மாதம் ஆயிற்று. கருத்தால் பிரிந்ததில் தவறில்லை. அதற்கு முன் ஒருவரையொருவர் ஏசிய சொற்கள்தாம் வடுவாக நின்றன. ஒரு மென்பொருளின் மீதுள்ள பற்று, அதை ஆக்கும் மனிதரை மறக்கச் செய்யுமாயின், அது பற்று என்ற பெயருக்கு உரியதாகாது.

ஆயினும் மொத்தத்தில் பார்க்கும்போது, விலகிச் செல்ல வழி இருப்பதால்தான் இங்கே தங்கியிருத்தலுக்கு மதிப்பு உண்டாகிறது. போக இடமில்லாதவன் இருப்பதைப் பற்று என்று சொல்ல முடியாது. ஸ்லாக்வேர் பயனர்களைப் பாருங்கள். அதில் பளபளப்பு இல்லை. 2016இல் வந்த 14.2 பதிப்பிற்கும் 2022 பிப்ரவரியில் வந்த 15.0 பதிப்பிற்கும் இடையே அவர்கள் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் காத்திருந்தனர். மாறிச் செல்ல வழங்கல்கள் எத்தனையோ இருந்தன. 2018இல் வோல்கெர்டிங் பண நெருக்கடியில் இருக்கிறார் என்று தெரிந்தபோது, அவர்கள் தம்மால் இயன்றதைக் கொடுக்க முன்வந்தனர். கால் நூற்றாண்டாகத் தன் பயனரைத் திடீரென்று திகைக்க வைக்காத ஒருவருக்கு அவர்கள் செலுத்திய நன்றிக்கடன் அது.

வாக்கு

பயனரின் பற்று எதன் மீது வேரூன்றியுள்ளது? பெயரின் மீதா, தோற்றத்தின் மீதா? மேலே கண்ட நிகழ்வுகள் தோற்றத்தைக் காட்டுகின்றன. ஆனால் தோற்றம் மாறியபோது எழுந்த சினத்தைவிட ஆழமான சினம் ஒன்றும் எழுந்தது. அங்கே ஒரு பொத்தான் கூட இடம் மாறவில்லை.

ரெட்ஹாட் நிறுவனம் பெருநிறுவனங்களுக்குக் கட்டணத்தோடு வழங்கும் லினக்சின் மூல நிரலைக் கொண்டு, அதற்கு இணையான இலவச வழங்கலாக 2004 முதல் வெளிவந்தது சென்ட்ஓஎஸ். பல்கலைக்கழகங்கள், ஆய்வகங்கள், இணையச் சேவை நிலையங்கள் எனக் கணக்கற்றோர் அதை நம்பிச் சேவையகங்களை நிறுவினர். 2014இல் அத்திட்டம் ரெட்ஹாட்டின் அரவணைப்பிற்குள் வந்தது. 2019 செப்டம்பரில் வந்த எட்டாம் பதிப்பு 2029 வரை பேணப்படும் என்று நம்பி மக்கள் அதற்கு மாறினர். ஆனால் 2020 டிசம்பர் 8ஆம் நாள், அப்பதிப்பு 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதனிடத்தில் முன்வைக்கப்பட்ட 'சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்' தன்மையில் வேறானது. வியப்பு என்னவெனில், முந்தைய ஏழாம் பதிப்பு, முன்பு சொன்னபடியே 2024 ஜூன் வரை பேணப்பட்டது. புதியதை நம்பி முந்திக்கொண்டு மாறியவர்கள் நடுவழியில் நிற்க, பழையதிலேயே இருந்தவர்கள் இன்னும் மூன்றரை ஆண்டுகள் நிம்மதியாய் இருந்தனர்.

அறிவிப்பு வெளிவந்த உடனேயே, சென்ட்ஓஎஸ்சைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கிரெகரி கர்ட்சர், மறைந்த தம் தோழர் ராக்கி மக்காவின் நினைவாக 'ராக்கி லினக்ஸ்' என்ற புதிய வழங்கலுக்கு வித்திட்டார். அதன் முதல் நிலையான பதிப்பு 2021 ஜூனில் வந்தது. அதற்கு முன்பே, மார்ச்சில், 'அல்மாலினக்ஸ்' வெளிவந்தது. ஜெனீவாவிலுள்ள செர்ன், அமெரிக்காவிலுள்ள ஃபெர்மிலேப் ஆகிய இயற்பியல் ஆய்வகங்கள் 2022 டிசம்பரில் அல்மாலினக்சைத் தங்கள் பொது வழங்கலாகத் தேர்ந்ததாக அறிவித்தன.

காசு வாங்காமல் தரும் பொருளை நிறுத்தினால் குறை சொல்ல யாருக்கு உரிமை என்று கேட்பவர் உண்டு. சட்டப்படி அக்கேள்வி சரியே. ஆனால் இன்ன நாள் வரை பேணுவோம் என்று ஒரு நாளைக் குறிப்பிட்ட பின், அது பொருளின் விலையைச் சார்ந்ததாக இருப்பதில்லை. அந்த நாளை நம்பி ஒருவர் தம் பணித் திட்டங்களையும் பணியாளரின் நேரத்தையும் அமைத்துக்கொள்கிறார். விருந்திற்கு அழைத்தவர் சோற்றுக்குக் காசு கேட்பதில்லை. அதற்காக, அழைத்த நாளில் கதவைப் பூட்டி வைக்கலாமா?

டெபியன் தன்னார்வலர்கள் 1997இல் தங்கள் சமூக ஒப்பந்தத்தை எழுதி வெளியிட்டனர். பயனர்களும் கட்டற்ற மென்பொருளுமே தங்கள் முதன்மைகள் என்றும், குறைகளை மறைக்க மாட்டோம் என்றும் அதில் வாக்களித்தனர். முப்பதாண்டை நெருங்கும் இந்த ஒப்பந்தம்தான் டெபியனிடம் பலரைக் கட்டி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். உள்ளே எத்தனை பூசல் நடந்தாலும் அவை வெளிப்படையாகவே நடக்கின்றன. 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு, பழைய 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. பழைய கணினி வைத்திருப்போர்க்கு அது வருத்தமே. ஆனால் அந்த முடிவு முன்கூட்டியே சொல்லப்பட்டது. 12ஆம் பதிப்பில் இருப்போர்க்கு 2028 ஜூன் வரை அவகாசமும் இருக்கிறது. கைவிடுவதிலும் ஒரு முறை உண்டு. போகிற போக்கில் விடுவது வேறு, அடுத்த ஊர் வரை கூட வந்து வழி சொல்லி விடுவது வேறு.

இரு பக்கக் கடமை

நம்மில் பலர் வரும் மாதங்களில் இத்தகைய மாற்றத்தைச் செய்யவோ, பிறரைச் செய்யச் சொல்லவோ நேரும். அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

அழகைப் பார்க்குமுன் நாளைப் பாருங்கள். இவ்வழங்கல் எந்த ஆண்டு வரை பேணப்படும் என்பதே முதற்கேள்வி. உபுண்டுவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டுப் பேணல் உண்டு; இடையில் வருபவற்றிற்கு ஒன்பது மாதங்கள் மட்டுமே. அலுவலகத்திற்கு முன்னதே ஏற்றது. மின்ட்டும் அந்த நீண்டகாலப் பதிப்புகளையே அடித்தளமாகக் கொண்டது. ஃபெடோரா புதுமையானது, ஆனால் ஒரு பதிப்பின் ஆயுள் ஏறத்தாழ பதின்மூன்று மாதம்தான். ஆர்ச்சில் பதிப்பு என்பதே இல்லை. அது ஓயாது புதுப்பித்துக்கொண்டே இருக்கும். இளைஞருக்கு அது நல்ல பள்ளி, அலுவலகத்திற்குத் தேவையற்ற சுமை.

புதிய பதிப்பு வந்த அன்றே ஓட வேண்டியதில்லை. உபுண்டுவே தன் நீண்டகாலப் பதிப்பின் பயனர்க்கு, அடுத்த பதிப்பின் முதல் திருத்தம் வெளிவந்த பிறகுதான் மாறும் அழைப்பைக் காட்டுகிறது. கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து வைத்த பின்பே கை வையுங்கள். பெரும்பாலான வழங்கல்களை யுஎஸ்பி நினைவகத்தில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். அச்சுப்பொறி ஓடுகிறதா, தமிழ் தட்டச்சாகிறதா என்பதை அப்போதே சோதித்துவிடலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அக்கணினியில் நாள்தோறும் உழைப்பவரை முதலில் கேளுங்கள். மாற்றத்தை முடிவு செய்பவர் ஒருவர், அதைச் சுமப்பவர் மற்றொருவர் என்பதே பல அலுவலகங்களின் நிலை. எந்தப் பட்டி எங்கே இருக்க வேண்டும், எந்த எழுத்துரு வேண்டும் என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். பணி குறைந்த வாரத்தில் மாற்றுங்கள். சான்றிதழ் கேட்டு மக்கள் வரிசையில் நிற்கும் ஜூன் மாதத்தில் வேண்டாம். அவர் தடுமாறும் நாள்களில் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். எங்கள் அலுவலகத்தில் இப்போது இதுவே நடைமுறை. அம்மையார் தம் பாத்திரங்களின் இடத்தைத் தாமே சொல்கிறார். இளைஞர் அங்கங்கே அடுக்கித் தருகிறார்.

பயனர்க்கும் ஒரு கடமை உண்டு. நாம் ஏசும் அந்த மென்பொருளின் பல பகுதிகளைக் கூலி பெறாமல், தம் வேலை நேரம் போக எஞ்சிய இரவுகளில் எழுதுபவர்கள் உளர். பழையதை என்றென்றும் பேணு என்று அவர்களை ஏவுவதற்கு நமக்கு உரிமை இல்லை. ஏனெனில் அதைப் பேணும் உழைப்பும் அவர்களுடையதே. குறையைக் கண்டால் எங்கே, எப்படி நிகழ்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்பலாம். 32 பிட் மென்பொருள்களை முற்றிலும் நீக்கப் போவதாக உபுண்டு 2019 ஜூனில் அறிவித்தபோது, பழைய நிரல்களையும் விளையாட்டுகளையும் நம்பியிருந்தோர் காரணங்களோடு எடுத்துரைத்தனர். ஒரு வாரத்திற்குள் முடிவு திருத்தப்பட்டு, தேவையானவை தொடர்ந்து வழங்கப்படும் என்ற மறுமொழி வந்தது. கேட்கும் செவியும் இருக்கிறது, கேட்கும் விதமும் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் திருத்தி அனுப்ப நிரலறிவு கூட வேண்டாம், நல்ல தமிழ் தெரிந்தால் போதும்.

புதுமையை நான் வெறுப்பவன் அல்லன். மாற்றமே இல்லாத மென்பொருள் பாதுகாப்பற்றுப் போய், ஒரு நாள் நம் கோப்புகளோடு நம்மையும் இடரில் தள்ளிவிடும். மாறத்தான் வேண்டும். மாற்றுகிறவர் முன்னரே சொல்லட்டும். சொன்ன நாளைக் காக்கட்டும். பழையதில் இருப்பவர்க்கு நடந்து வர நேரம் கொடுக்கட்டும். மாறுகிறவர் தம் கோபத்தின் நடுவிலும், அடுப்படியில் நிற்பவர் தம்மைப் போன்ற ஒரு மனிதர் என்பதை நினைவில் வைக்கட்டும். இவ்விரண்டும் அமைந்த இடத்தில் பாத்திரங்கள் இடம் மாறினாலும், வீடு நம் வீடாகவே இருக்கும்.